மூன்று பைகளில் ஒரே தக்காளி: மண் கலவையும் உரமும் செடியை என்ன செய்கின்றன?

போன ஆடிப் பட்டத்தில் வளர்ப்புப் பைகளில் நான் நட்ட தக்காளி நாற்றுகள் பத்தே நாளில் இலை ஓரம் கருகி நின்றன. சத்துக் குறைவு என்று நினைத்து உரக் கரைசல் ஊற்றினேன். கருகல் இன்னும் கூடியது. பையைக் கொட்டிப் பார்த்தபோது வேரெல்லாம் பழுப்பு நிறம். கடையில் வாங்கிய கோகோபீட்டில், அதாவது தென்னை நார்த்தூளில், உப்பு அப்படியே இருந்திருக்கிறது. அதன்மேல் நானும் உரம் என்ற பெயரில் உப்பைத்தான் சேர்த்திருக்கிறேன்.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் பட்டத்தில் விளைச்சலை எதிர்பார்க்காமல் மூன்றே மூன்று பை வையுங்கள். எந்தக் கலவையில் வேர் என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு உரக்கடையில் குழம்ப மாட்டீர்கள்.

படி 1: கோகோபீட்டைக் கழுவுங்கள்

5 கிலோ கட்டியைப் பெரிய தொட்டியில் போட்டு 25 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். அரை மணி நேரத்தில் பொலபொலவென்று உப்பிவிடும். உடனே பையில் நிரப்பிவிடாதீர்கள். சாக்கில் கட்டி வடியவிட்டால் டீத்தண்ணி நிறத்தில் வடியும். நல்ல தண்ணீர் ஊற்றி மறுபடி வடிய விடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் நிறம் வெளுக்கும். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால், வடிகிற தண்ணீரில் அது காட்டும் எண் நீங்கள் ஊற்றிய தண்ணீரின் எண்ணுக்குப் பக்கத்தில் வரும்வரை கழுவலாம். கடையில் 'லோ ஈ.சி.' (உப்பு குறைந்தது) என்று கேட்டு வாங்கினால் இந்த வேலை குறையும், விலை கொஞ்சம் கூடும்.

தென்னை நாரில் பொட்டாசியமும் சோடியமும் இயல்பாகவே அதிகம். அவற்றை வெளியே விட்டு, கால்சியத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். கோகோபீட்டில் வளரும் தக்காளிக்குக் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 2: மூன்று கலவைகள்

12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் கொண்ட பை போதும். ஏறக்குறைய 20 லிட்டர் பிடிக்கும்.

முதல் பை: செம்மண் மட்டும்.
இரண்டாம் பை: கழுவிய கோகோபீட் மட்டும்.
மூன்றாம் பை: செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு.

புண்ணாக்கு கலந்த மூன்றாம் பையை லேசாக நனைத்து ஒரு வாரம் நிழலில் வையுங்கள். அது மட்கும்போது வரும் சூடு இளம் வேருக்கு ஆகாது.

படி 3: தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

இதை யாரும் தவறவிடக் கூடாது. ஒவ்வொரு பையிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுக் குனிந்து கவனியுங்கள். செம்மண்ணில் தண்ணீர் குளம் கட்டி மெதுவாக இறங்கும். நாலு நாள் காய்ந்தால் மண் சுருங்கிப் பையின் ஓரத்தை விட்டு விலகும். அப்புறம் ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக ஓடி வெளியே போய்விடும், நடுவில் இருக்கிற வேர் காய்ந்தே கிடக்கும். கோகோபீட் தண்ணீரை உடனே உறிஞ்சும். மேலே காய்ந்தது போல் தெரிந்தாலும் விரலை இரண்டு அங்குலம் விட்டால் உள்ளே ஈரம் இருக்கும். கலவைப் பையில் தண்ணீரும் நிற்கும், காற்றுக்கும் இடமிருக்கும். வேரும் மூச்சு விடும் உறுப்புதான், காற்றில்லாத மண்ணில் எவ்வளவு உரம் இருந்தாலும் அதால் எடுக்க முடியாது.

படி 4: நடவும் உரமும்

ஒரே குழித்தட்டில் வளர்ந்த, ஒரே உயரமுள்ள 25 நாள் நாற்றுகளாக மூன்று எடுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பி.கே.எம். 1 ரகம் மாடிக்கு நன்றாக வரும். மாலை வெயில் தாழ்ந்ததும் நடுங்கள்.

முதல் இரண்டு வாரம் உரமே வேண்டாம். அதற்குள் கோகோபீட் பையில் இருக்கும் செடி வெளிறத் தொடங்கும். அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) இல்லை என்பது ஒன்று. மட்காத நாரில் கரிமத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 100:1-ஐத் தாண்டும் என்பது இன்னொன்று. நாரை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கிற தழைச்சத்தையும் தங்களுக்கு எடுத்துக்கொள்ளும்.

மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று பைக்கும் ஒரே உரம் கொடுங்கள். 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, 10 லிட்டராக்கி, செடிக்கு அரை லிட்டர் வீதம் வாரம் ஒரு முறை. ரசாயன உரம் போடுகிறவர்கள் தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து ஊற்றலாம். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

பூ வந்ததும் தழைச்சத்தைக் குறையுங்கள். இலை கரும்பச்சையாகத் தழைத்து, பூ கொட்டி, கொழுந்தில் அசுவினிப் பூச்சி மொய்த்தால் தழைச்சத்து கூடிவிட்டது என்று அர்த்தம்.

படி 5: இலையைப் படியுங்கள்

அடி இலை முழுக்க மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. அடி இலையின் ஓரம் மட்டும் கருகினால் சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறைவாக இருக்கலாம், என் செடிக்கு வந்ததுபோல் உப்பாகவும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் முதலில் வெறும் தண்ணீரால் பையை நன்றாகக் கழுவி விடுங்கள், உரத்தைத் தொடாதீர்கள். நரம்பு பச்சையாக இருக்க, கொழுந்து இலை மஞ்சளானால் இரும்புச் சத்துப் பற்றாக்குறை. காரத்தன்மை கூடிய போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது அடிக்கடி வரும். இரும்பு மண்ணில் இருந்தாலும் கார நிலையில் வேரால் அதை எடுக்க முடியாது.

படி 6: பையைக் கொட்டிப் பாருங்கள்

காய்ப்பு முடிந்ததும் மூன்று பைகளையும் ஒரு சாக்கின்மேல் கவிழ்த்துங்கள். செம்மண் கட்டியாக விழும். வேர் பெரும்பாலும் ஓரத்தில்தான் சுற்றியிருக்கும். கோகோபீட்டில் வேர் நிறைய இருக்கும், ஆனால் செடியின் தண்டு மெலிந்திருக்கும். கலவைப் பையில் வெள்ளை வேர் நடுவரை பின்னிக் கிடக்கும், உதறினால் மண் உதிரும்.

அந்தக் கலவையை வீசிவிடாதீர்கள். இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, கால் பங்கு புது மண்புழு உரம் சேர்த்து, சிறுகீரை விதைத்து விடுங்கள். 25 நாளில் பறிக்கலாம்.