வெல்டிங் இன்ஸ்பெக்டர் சான்றிதழ் பெறுவது எப்படி: மும்பையில் வேலை செய்யும் தமிழர்களுக்கு

மாகுல் பகுதியின் சுத்திகரிப்பு ஆலைகளிலும், தளோஜாவிலும் தானே–பேலாப்பூர் சாலையிலும் உள்ள ஃபேப்ரிகேஷன் பட்டறைகளிலும் வெல்டராகவும் ஃபிட்டராகவும் உழைக்கும் தமிழர்கள் பலர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆர்க் வெளிச்சத்தின் முன் குனிந்து வேலை செய்த பிறகு, இனி பற்றவைத்த மூட்டுகளைச் சோதித்து ஏற்கவோ தள்ளவோ செய்யும் இன்ஸ்பெக்டராக மாறலாமா என்ற எண்ணம் அவர்களில் பலருக்கு எழுகிறது. ஆன்டாப் ஹில்லில் ஓர் அறையில் நால்வரோடு தங்கியிருந்த நாட்களில் எனக்கும் அது எழுந்தது. முதல் முறை தேர்வில் தவறி இரண்டாம் முறை தேறியவன் என்ற நிலையிலிருந்து இதை எழுதுகிறேன்.

எந்தச் சான்றிதழ் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வளைகுடா வேலைகளுக்கான விளம்பரங்களில் மிகுதியாகக் காணப்படுபவை இரண்டு: பிரிட்டனின் டிடபிள்யூஐ நிறுவனத்தைச் சார்ந்த சிஸ்விப் 3.1, அமெரிக்க வெல்டிங் சங்கம் வழங்கும் சிடபிள்யூஐ. சிஸ்விப் ஐந்தாண்டுகளுக்கும் சிடபிள்யூஐ மூன்றாண்டுகளுக்கும் செல்லுபடியாகும். அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும். நீங்கள் போக விரும்பும் நிறுவனங்கள் எதைக் கேட்கின்றன என்று பத்து விளம்பரங்களை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நண்பர் எழுதுகிறார் என்பதற்காக நாமும் அதையே எழுதுவது கட்டணத்தை வீணாக்கும் வழி.

அடுத்தது அனுபவச் சான்று. நம்மவர்களில் பலர் இடறி விழுவது தேர்வறையில் அல்ல, இந்த இடத்தில்தான். சிடபிள்யூஐ தேர்வுக்கு, மேல்நிலைப் பள்ளி முடித்தவருக்கு ஐந்தாண்டு அனுபவமும், எட்டாம் வகுப்பு மட்டும் முடித்தவருக்கு ஒன்பதாண்டு அனுபவமும் வேண்டும். சிஸ்விப் 3.1 தேர்வுக்கு ஆய்வுப் பணியில் மூன்றாண்டு அனுபவம் காட்டுவது ஒரு வழி. ஒப்பந்தக்காரர் மாற மாற வேலை செய்பவரிடம் உழைப்பு இருக்கும், தாள் இருக்காது. ஆகவே ஒவ்வோர் ஒப்பந்தமும் முடியும்போதே, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன வேலை, எந்த வெல்டிங் முறை என்று நிறுவனத்தின் கடிதத்தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். ஐந்தாண்டு கழித்துப் போனால் அந்தச் சூப்பர்வைசர் வேறு ஊரில் இருப்பார்.

நம் பெயர் முறையும் சிக்கல் தரும். முதலெழுத்தோடு ஒரு கடிதமும், தந்தை பெயரை விரித்தெழுதிய பாஸ்போர்ட்டும், ஊர்ப்பெயர் சேர்ந்த பள்ளிச் சான்றிதழும் வைத்திருப்பவரை மும்பை அலுவலகங்கள் மூன்று வேறு மனிதர்களாகவே பார்க்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே விண்ணப்பத்தை நிரப்புங்கள். புதிய கடிதங்களையும் அதே பெயரில் வாங்குங்கள்.

கண் பரிசோதனையைத் தள்ளிப் போட வேண்டாம். சிடபிள்யூஐக்கு 12 அங்குலத் தொலைவில், ஜேகர் என்ற கண் பரிசோதனை அட்டையின் 2 ஆம் அளவு எழுத்தையும், சிஸ்விப்புக்கு 30 செ.மீ. தொலைவில் ஜேகர் 1 அல்லது ‘N 4.5’ எனப்படும் அளவு எழுத்தையும் படிக்க முடிய வேண்டும். கண்ணாடி அணிந்து படிக்கலாம். நிறப் பார்வையையும் சோதிப்பார்கள்.

இனி படிப்பு. இன்ஸ்பெக்டர் தன் அனுபவத்தைக் கொண்டு வெல்டை ஏற்பதில்லை, கோட் எனப்படும் விதிநூலைக் கொண்டே ஏற்கிறார். இந்த மாற்றத்தை உள்ளத்தில் ஏற்காதவர் எத்தனை கேள்வித் தொகுப்புகளை மனப்பாடம் செய்தாலும் தடுமாறுவார். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 6 மி.மீ. தடிமனுள்ள எஃகில் 0.9 மி.மீ. ஆழமுள்ள அண்டர்கட், அதாவது வெல்டின் ஓரத்தில் உருகி விழுந்த பள்ளம், இருக்கிறது. குழாய்வழிகளுக்கான ஏபிஐ 1104 விதிப்படி 0.8 மி.மீ., குழாய்ச் சுவரின் 12.5 விழுக்காடு ஆகிய இரண்டில் எது சிறியதோ அதுவே மேல்வரம்பு. இங்கே அது 0.75 மி.மீ., எனவே அந்த வெல்ட் தள்ளப்படும். ஆலைக் குழாய்களுக்கான ஏஎஸ்எம்இ பி31.3 விதியில், சாதாரணப் பணியிலுள்ள குழாய்க்கு 1 மி.மீ. அல்லது சுவரின் கால் பங்கு, இவற்றில் சிறியது வரம்பு என்பதால் அதே குறை ஏற்கப்படும். எஃகுக் கட்டமைப்புகளுக்கான ஏடபிள்யூஎஸ் டி1.1 விதியில், நிலையான சுமை தாங்கும் கட்டமைப்பானால் 25 மி.மீ.க்குக் குறைந்த தடிமனுக்கு 1 மி.மீ. வரை ஏற்பார்கள், சுமை மாறி மாறி விழும் முதன்மை உறுப்பில் இழுவிசைக்குக் குறுக்கே வெல்ட் அமைந்திருந்தால் 0.25 மி.மீ.க்கு மேல் ஏற்கமாட்டார்கள். குறை ஒன்று, தீர்ப்பு நான்கு. "சைட்டில் இதை விட்டுவிடுவோம்" என்ற பதில் இவற்றில் எதற்கும் பொருந்தாது.

சிடபிள்யூஐ தேர்வின் மூன்றாம் பகுதியில் விதிநூலைத் திறந்து வைத்தே எழுதலாம். குழாய் வேலையில் வளர்ந்தவர் ஏபிஐ 1104 நூலையும், கட்டமைப்பு வேலையில் வளர்ந்தவர் டி1.1 நூலையும் தேர்ந்தெடுப்பது நல்லது. முன்னது மெலிந்த நூல் என்பதால் தேடுவதற்கு எளிது. விதிகளை மனப்பாடம் செய்வதைவிட, எந்தச் செய்தி எந்த அத்தியாயத்தில், எந்த அட்டவணையில் இருக்கிறது என்று கை தானே போய்த் திறக்கும்வரை பழகுங்கள்.

நான் தவறியது செய்முறைத் தேர்வில். சிஸ்விப்பில் ஒரு பிளேட், ஒரு குழாய், மேக்ரோ எனப்படும் வெட்டுமுகங்கள் ஆகியவற்றை ஆய்ந்து, அவர்களே தரும் ஏற்பு வரம்புத் தாளோடு ஒப்பிட வேண்டும். ஆயிரக்கணக்கான மூட்டுகளைப் பற்றவைத்தவன் என்ற நம்பிக்கையில் வெல்டின் உயரத்தைக் கண்ணாலேயே கணித்து எழுதினேன். ரூட் எனப்படும் வெல்டின் அடிப்பக்கத்தைக் கடைசியில் அவசரமாகத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு வந்த மதிப்பெண் என் அனுபவத்துக்குக் கிடைத்த மதிப்பெண் அல்ல, நான் கேஜ் என்ற அளவுக் கருவியை எடுக்காததற்குக் கிடைத்தது என்பதை உணர எனக்குச் சில வாரங்கள் ஆயின.

அதன் பிறகு ஒரு கேம்பிரிட்ஜ் கேஜும், ஒரு ஸ்டீல் ஸ்கேலும், ஒரு டார்ச் விளக்கும் வாங்கினேன். பட்டறையில் கழித்துப் போட்ட துண்டுகளை முதலாளியிடம் கேட்டு அறைக்குக் கொண்டுவந்து, ஒரே துண்டை மூன்று நாட்கள் இடைவெளியில் மூன்று முறை அளந்து எழுதினேன். மூன்று தாள்களும் ஒத்துப்போகாதவரை நான் அளக்கவில்லை, ஊகிக்கிறேன் என்று பொருள். ஒரு முனையை அளவின் தொடக்கப்புள்ளியாகக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு குறையும் அங்கிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது, எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம் என்று வரிசையாகப் பதியுங்கள். கண்ணை 600 மி.மீ. தொலைவுக்குள்ளும், மேற்பரப்புக்கு 30 பாகைக்குக் குறையாத கோணத்திலும், 350 லக்ஸுக்குக் குறையாத ஒளியிலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது வெல்டைக் கண்ணால் ஆய்வதற்கான ஐஎஸ்ஓ 17637 தரநூல் சொல்லும் முறை. முப்பது வாட் பல்பின் கீழ் பயிற்சி செய்தால் நுண்ணிய அண்டர்கட் தெரியாது.

கொள்கைப் பாடத்தில் நம் கைக்குத் தெரிந்த பலவற்றுக்குக் காரணம் கிடைக்கும். மும்பை மழைக்காலத்தில் இ7018 எனப்படும் வெல்டிங் ராடைத் திறந்த பெட்டியில் விட்டுவைக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் கத்துவார். பூச்சு ஈரத்தை உறிஞ்சி, அந்த ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் வெல்டுக்குள் புகுந்து, கடினமான பகுதியில் இறுக்கம் சேரும்போது வெல்ட் குளிர்ந்த பிறகு, சில சமயம் பல மணி நேரம் கழித்துக்கூட, வெடிப்பு விழும் என்பதே அதன் காரணம். ராடை 260 முதல் 430 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் சுட்டு, பிறகு 120 பாகைக்குக் குறையாமல் ஓவனில் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான். அதே போல, 24 வோல்ட், 120 ஆம்பியர், நிமிடத்துக்கு 150 மி.மீ. வேகம் என்றால் வெப்ப உள்ளீடு ஏறத்தாழ 1.15 கிலோ ஜூல்/மி.மீ. என்பதைக் கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்கள்; வேகத்தைப் பாதியாக்கினால் அது இரட்டிப்பாகும். ஃபில்லெட் எனப்படும் மூலை வெல்டின் கால் (லெக்) நீளத்தை 0.7 ஆல் பெருக்கினால் கழுத்தளவு (த்ரோட்) கிடைக்கும் என்பதும் இப்படிப்பட்டதே.

தேர்வு முழுவதும் ஆங்கிலத்தில். பட்டறையில் இந்தியும் வீட்டில் தமிழும் பேசுகிறவர் இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒரு குறிப்பேட்டில் ஆங்கிலக் கலைச்சொல்லை இடப்பக்கமும், அதன் பொருளைத் தமிழில் முழு வாக்கியமாக வலப்பக்கமும் எழுதிவந்தேன். தமிழில் விளக்க முடியாத சொல்லை நான் புரிந்துகொள்ளவில்லை என்று வைத்துக்கொண்டேன். சிடபிள்யூஐ முதல் பகுதியில் இரண்டு மணி நேரத்தில் 150 கேள்விகள், அதாவது ஒரு கேள்விக்கு 48 நொடி. மனத்துக்குள் மொழிபெயர்க்க அங்கே நேரம் கிடைக்காது. கடைசி ஒரு மாதம் ஆங்கிலக் கேள்விகளை ஆங்கிலத்திலேயே, கடிகாரம் வைத்துப் படியுங்கள். அங்கே ஒவ்வொரு பகுதியிலும் 72 விழுக்காடு வேண்டும். ஒன்றில் மிகுந்தது மற்றொன்றின் குறையை ஈடு செய்யாது. சிஸ்விப்பில் 70 விழுக்காடு.

சான்றிதழ் கைக்கு வந்த நாளிலிருந்தே ஒரு பதிவேடு தொடங்குங்கள். எந்த வேலை, எந்த விதிநூல், எத்தனை மூட்டுகள், யார் மேற்பார்வை என்று மாதம் ஒரு பக்கம் எழுதி, மேலாளரின் கையொப்பம் வாங்கி வையுங்கள். புதுப்பிக்கும்போது தொடர்ந்து வேலையில் இருந்ததைக் காட்ட அந்தப் பக்கங்களைத்தான் எடுத்து நீட்ட வேண்டியிருக்கும்.