பெட்டி வந்து இறங்கிவிட்டது. வேலை எவ்வளவு முடிந்தது?

மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரி நிலையத்தில் இருபதடி கன்டெய்னர்கள் வெள்ளை வெளேரென்று வரிசையாக உட்கார்ந்திருக்கும். பார்க்க வருகிறவர் ‘எண்பது சதவீதம் முடிந்தாயிற்றே’ என்பார். அன்றைக்கு ஒரு யூனிட் கரன்ட்கூட உள்ளே ஏறியிருக்காது. இங்கே கண்ணுக்குத் தெரிகிற வேலைதான் சீக்கிரம் முடியும். நாட்களை இழுப்பதெல்லாம் கேபிள் முனை, டிரான்ஸ்பார்மர், சப்ஸ்டேஷன் பே (துணைமின் நிலையத்தில் நம் லைன் சேரும் இடம்), அனுமதிக் கடிதம்.

50 மெகாவாட், 2 மணி நேரத் திட்டம் (அதாவது 100 மெகாவாட்-மணி) ஒன்றைக் காரைக்குடிப் பக்கம் வைத்துப் பார்ப்போம். இப்போது வருகிற பெட்டி ஒன்றில் 314 ஆம்பியர்-மணி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்கள் 4,992. சுமார் 5 மெகாவாட்-மணி. இழப்புக்கும் தேய்மானத்துக்கும் சேர்த்து 24 பெட்டி என்று வையுங்கள். செட்டியார் வீட்டுப் பேரேடு மாதிரி, பெட்டிக்கு ஒரு வரி. அடித்தளம், இறக்கி லெவல் பார்த்தது, எர்த்திங், துணை மின்சாரம், டிசி கேபிள், மெகர் (மின்காப்புச் சோதனை), பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் அமைப்பு) தொடர்பு, பிசிஎஸ்ஸோடு (டிசி-ஏசி மாற்றி) ஓடியது, கொள்ளளவு சோதனை என்று ஒன்பது கட்டம். கட்டத்தில் தேதியும் ரிப்போர்ட் எண்ணும் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் காலி. ‘பாதி ஆச்சு’ என்பதை எழுதவே விடாதீர்கள். கேபிளைப் போட்டுவிட்டு முனை கட்டாமல் தொண்ணூறு சதவீதம் என்று எழுதுவது அப்படித்தான் நுழைகிறது.

பெட்டி ஒன்று 40 டன்னுக்கு மேல். அடித்தளக் கான்கிரீட்டின் பலம் பார்க்கும் க்யூப் சோதனையில் ஏழாம் நாள் ரிசல்ட் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலத்தைத்தான் காட்டும். 28-ம் நாள் ரிசல்ட் கையில் இல்லாமல் கிரேனுக்குத் தேதி கொடுக்கக்கூடாது. லெவல் தப்பினால் முதலில் சொல்வது கதவு: மேல் மூலையில் இடைவெளி, கீழே உரசல். அப்படியே விட்டால் ரப்பர் சீல் வழியாக மழைத்தண்ணீர் இறங்கும்.

எர்த்திங் அளவோடு எடுத்த தேதியையும் எழுதுங்கள். இந்தப் பக்கத்துச் செம்புராங்கல் பூமி ஐப்பசியில் ஈரத்தோடு நல்ல எண் காட்டும். சித்திரையில் அதே குழியில் மின்தடை (ஓம்) ஏறியிருக்கும். காய்ந்த காலத்து அளவுதான் கணக்கு.

பலர் கடைசிக்குத் தள்ளுவது துணை மின்சாரம். பெட்டி வந்த உடனே 415 வோல்ட் கொடுத்துக் குளிரூட்டியையும் ஈரம் நீக்கியையும் ஓட்டவேண்டும். வடகிழக்கு மழையில் மூடிய பெட்டி சும்மா கிடந்தால் உள்ளே வியர்க்கும். பிறகு மெகர் எண் விழும், பஸ்பார் (மின்கடத்திப் பட்டை) இணைப்பு கறுக்கும். செல்கள் பாதிக்கும் குறைவான சார்ஜோடுதான் வரும். மாதக்கணக்கில் நின்றால் இன்னும் இறங்கும். எனவே ‘வந்த தேதி’க்கும் ‘துணை மின்சாரம்’ கட்டத்துக்கும் நடுவே எத்தனை நாள் என்று வாராவாரம் எண்ணுங்கள்.

பவர் டிரான்ஸ்பார்மருக்குத் தனி ஏடு. ஆர்டர் போட்டு வந்து சேர ஒரு வருஷம் தாண்டுவது உண்டு. தொழிற்சாலை சோதனை, வரவு, எண்ணெய் வடிகட்டல், பிடிவி (எண்ணெய் எத்தனை வோல்ட் தாங்கும் என்ற சோதனை) என்று பின்னோக்கித் தேதி போடுங்கள். சப்ஸ்டேஷன் பே வேறொருவர் கையில். அந்த வேலைக்கு அங்கே மின்சாரத்தை நிறுத்தும் ஷட்டவுன் வேண்டும். 2024 மே 2-ம் தேதி தமிழகத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த மாதிரி வெயில் நாளில் ஷட்டவுன் கேட்டு யார் கொடுப்பார்? மாசிக்குள் முடிக்கப் பாருங்கள். தலைமை மின் ஆய்வாளரின் ஒப்புதல் இல்லாமல் மின்னேற்றம் கிடையாது, அதற்கும் ஒரு வரி.

வெளியிலிருந்து கண்காணிப்பவருக்கு ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல்-2 எடுக்கும் படம் இலவசம். ஐந்து நாளுக்கு ஒருமுறை, ஒரு புள்ளி 10 மீட்டர். பெட்டியின் நீளமே 6 மீட்டர்தான், எண்ண முடியாது. ஆனால் செம்மண்ணில் நிலம் திருத்தியதும் வரிசை முளைத்ததும் பளிச்சென்று தெரியும். மழை மாதங்களில் மேகம் மறைத்தால் சென்டினல்-1 ரேடார் படம் எடுங்கள்.

கடைசிச் சோதனையில் பிஎம்எஸ் காட்டும் சார்ஜ் சதவீதத்தை நம்பவேண்டாம். எல்எஃப்பி செல்லின் வோல்டேஜ் நடுவில் ஏறக்குறைய தட்டையாக நிற்பதால் அந்த எண் விலகும் (செல்லின் வேதியியல் காரைக்குடிக்குப் புதிதா என்ன, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி 1953-லிருந்து இங்கேதானே இருக்கிறது). கிரிட் மீட்டரில் பற்று வரவு பாருங்கள்: உள்ளே 118 மெகாவாட்-மணி, வெளியே 100 என்றால் திறன் 84.7 சதவீதம், ஒப்பந்தம் 85 கேட்டால் தேறாது. கொள்ளளவு குறைந்தால் பெட்டிவாரியாக மிகக் குறைந்த செல் வோல்டேஜைத் தேடுங்கள். ஒரு நோஞ்சான் செல் முன்னதாக அடிமட்டத்தைத் தொட்டு முழு ரேக்கையும் (செல் அடுக்கு) நிறுத்திவிடும். அதை மாற்றி மறுபடி ஓட்டும்வரை அந்தப் பெட்டியின் ஒன்பதாம் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.