பனாமா, கோஸ்டாரிக்கா தேக்குத் தோட்டங்களில் முதலீடு செய்யும் முன்

தேக்கு நம் மண்ணின் மரம் என்றாலும், பனாமாவிலும் கோஸ்டாரிக்காவிலும் அது பொதுவாக 20 முதல் 25 ஆண்டுச் சுழற்சியில் வளர்க்கப்படுகிறது. அங்கே வெட்டப்படும் கட்டைகள் பெருமளவில் இந்தியாவுக்கே கப்பலேறி வருகின்றன. இளம்பருவத்தில் விரைந்து வளர்ந்து பிறகு வேகம் தளரும் மரம் இது என்பதால், முதல் ஐந்தாண்டு வளர்ச்சியை அப்படியே நீட்டி இறுதி விளைச்சலைக் காட்டும் திட்ட அறிக்கையை நம்பாதீர்கள்.

கட்டைகளின் கன அளவை எந்த முறையில் கணக்கிட்டார்கள் என்பதை எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். என் பார்வையில் இதுவே முதன்மையான கேள்வி. 100 செ.மீ. சுற்றளவும் 2 மீட்டர் நீளமும் உள்ள கட்டை, சுற்றளவின் கால்பங்கை வர்க்கமாக்கி நீளத்தால் பெருக்கும் ஹாப்பஸ் முறையில் 0.125 கன மீட்டர். உருளைக் கணக்கிலோ 0.159 கன மீட்டர். விலையை ஹாப்பஸ் அளவிலும் விளைச்சலை உருளை அளவிலும் எடுத்துப் பெருக்கினால், வருமானம் கால்பங்குக்கும் மேல் ஊதிப்போகும்.

வயிரம் பாயாத இளமரத்துக்கு முதிர்ந்த பர்மாத் தேக்கின் விலை கிடைக்காது. மற்ற மரங்கள் பருக்க இடம்விடுவதற்காக இடையில் கலைத்து வெட்டும் மரங்களின் வருமானம் யாருக்கு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

எஃப்.எஸ்.சி. என்னும் பன்னாட்டு வன அமைப்பின் சான்றிதழ் இருப்பதாகச் சொன்னால், அதன் எண்ணைப் பொதுத் தரவுத்தளத்தில் நீங்களே சரிபாருங்கள். அது காட்டு மேலாண்மைக்கான சான்று, லாபத்துக்கான உறுதியன்று. இயற்கைக் காட்டை அழித்து நட்ட தோட்டமாயின், எவ்வளவு லாபம் சொன்னாலும் விலகிவிடுங்கள்.

இந்தியாவில் வசிப்பவர், ரிசர்வ் வங்கியின் தாராளப் பணமனுப்புத் திட்டத்தின் வரம்பான நிதியாண்டுக்கு 2,50,000 டாலருக்குள் பணம் அனுப்பி, அந்தச் சொத்தை வருமானவரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் காட்ட வேண்டும்.