பழைய தரையை உடைக்காமல் வினைல் போடுவது எப்படி?

மொசைக்கையோ டைல்ஸையோ பெயர்த்தெடுக்காமல் அதன் மேலேயே போட்டுவிடலாம் என்பதால்தான் பலரும் வினைல் என்னும் பிளாஸ்டிக் தரைக்கு வருகிறார்கள். போட்ட சில மாதத்திலேயே ஓரம் தூக்கிக்கொண்டால் பழி பொருள் மேல் விழும். பெரும்பாலும் கோளாறு அடியில் இருக்கும் தரையில்தான். அதனால் கடைக்குப் போகுமுன் தரையைச் சோதியுங்கள்.

முதலில் ஓதம். தரைத்தள வீட்டில் இதை விடவே கூடாது. ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளை விரித்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிரிக்கும்போது அடியில் நீர் முத்து கட்டியிருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ, ஒட்டும் வகை வினைல் அங்கே நிற்காது. ஈரம் பசையை இளக்கிவிடும். பசையில்லாமல் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் கிளிக் வகை நனைந்தாலும் கெடாது என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அடியில் அடைபடும் ஈரத்தில் பூஞ்சை பிடித்து வாடை கிளம்பும். மழை முடிந்த கையோடு சோதித்தால்தான் சரியான நிலவரம் தெரியும்.

அடுத்து மட்டம். 2 மீட்டர் அலுமினியப் பட்டையைப் பல திசையில் வைத்துப் பாருங்கள். அடியில் 3 மி.மீ.க்கு மேல் சந்து தெரிந்தால் தானே பரவி மட்டமாகும் செல்ஃப் லெவலிங் கலவை ஊற்றியே ஆக வேண்டும். பள்ளத்தின் மேல் நடக்க நடக்கப் பலகை அமுங்கி எழும்பி, கிளிக் பூட்டு ஒடிந்துபோகும். தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும் டைலைப் பெயர்த்து மறுபடி பதியுங்கள். டைல்களுக்கு நடுவே உள்ள கிரவுட் பள்ளங்களையும் நிரப்புங்கள். மெல்லிய வினைலில் அந்தக் கோடுகள் நாளடைவில் மேலே தெரியும். மெழுகு பாலிஷ் ஏறிய மொசைக்கிலும் சிவப்பு ஆக்சைடு தரையிலும் பசை பிடிக்காது, மெழுகு போகத் தேய்த்துக் கழுவி நன்றாக உலரவிட வேண்டும்.

வினைலில் மூன்று வகை உண்டு. ரோல் ஷீட் மலிவு, வாடகை வீட்டுக்குப் போதும். 2 முதல் 3 மி.மீ. ஒட்டும் பலகை, கனமான இரும்பு பீரோ நிற்கும் அறைக்கு நல்லது. கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த 4 முதல் 6 மி.மீ. எஸ்.பி.சி. கிளிக் பலகை கூடத்துக்கு ஏற்றது, பசையே வேண்டாம். மொத்தத் தடிமனை மட்டும் பார்க்காமல் மேலே உள்ள தேய்மானப் படலம் எவ்வளவு என்று கேளுங்கள்: படுக்கையறைக்கு 0.3 மி.மீ., ஆள் நடமாட்டம் அதிகமான இடத்துக்கு 0.5 மி.மீ.

10க்கு 12 அறை என்றால் 120 சதுர அடி. சேதாரம் 10 சதவீதம் சேர்த்து 132 வாங்குங்கள். எல்லாப் பெட்டியும் ஒரே பேட்ச் எண்ணாக இருக்கட்டும், இல்லாவிட்டால் நிறம் மாறும்.

பெட்டிகளை அதே அறையில் 48 மணி நேரம் படுக்கைவசமாக வையுங்கள். ஒரு பலகையைத் தரையில் வைத்துக் கதவு இடிக்கிறதா என்று பார்த்து, தேவையானால் கதவின் அடியை இழைத்துவிடுங்கள். அறை அகலத்தைப் பலகை அகலத்தால் வகுத்துப் பாருங்கள்; கடைசி வரிசை 5 செ.மீ.க்கும் ஒல்லியாக வந்தால் முதல் வரிசையையும் அறுத்துச் சமன்செய்யுங்கள்.

கிளிக் பலகைக்குச் சுவரோரம் 6 முதல் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள். வெயிலில் பலகை விரியும். இடம் இல்லாவிட்டால் நடுவில் புடைக்கும். கத்தியால் மேலே இரண்டு முறை ஆழமாகக் கீறி மடக்கினால் பலகை ஒடியும். நீளப் பக்கத்தைச் சாய்த்து நுழைத்து அமுக்குங்கள், குறுக்குப் பக்கத்தைக் கட்டை வைத்துத் தட்டுங்கள். சுத்தியல் நேராகப் பட்டால் பூட்டு சிதறும். இணைப்பு மூடவில்லையா? பலத்தைக் கூட்டாமல் கழற்றிப் பள்ளத்தைத் துடையுங்கள். பெரும்பாலும் ஒரு மணல் துகள்தான் உள்ளே இருக்கும். அடுத்தடுத்த வரிசையின் குறுக்கு இணைப்புகளுக்குள் 20 செ.மீ. தள்ளல் இருக்கட்டும். மரநிலைக் காலின் அடியை ரம்பத்தால் அறுத்துப் பலகையை உள்ளே செருகுவதுதான் சுத்தமான வேலை.

ஒட்டும் வகையில், ஓரத்தில் பல் வெட்டிய கரண்டியால் இழுத்த பசை வெண்மை போய்க் கண்ணாடிபோல் தெளியும்வரை பொறுங்கள். ஈரத்தில் ஒட்டினால் பலகை நகரும், குமிழியும் எழும். ஒட்டியதும் ரோலர் ஓட்டுங்கள்.

சுவரோர இடைவெளியை மறைக்கும் பீடிங் பட்டையைச் சுவரடி ஸ்கர்ட்டிங்கில் மட்டும் ஒட்டுங்கள், பலகையில் அல்ல. வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். பிழிந்த மாப் போதும். ரப்பர் அடி வைத்த மிதியடி போட்டால் நாளடைவில் மஞ்சள் கறை ஏறும், அது எதற்கும் போகாது. பருத்தி மிதியடியே போடுங்கள். சூடான குக்கரை நேராக இறக்காதீர்கள். மிஞ்சிய பலகைகளைக் கட்டிலடியில் படுக்கைவசமாக எடுத்து வையுங்கள். ஒன்று கெட்டால் மாற்ற அதே பேட்ச் பிறகு கிடைக்காது.