ஓடியாடும் சுண்டெலியின் மூளைச் செல்களைப் படம்பிடிக்க: பேஸ்பிளேட் ஒட்டும் முறை

நியூரான் தூண்டப்பட்டதும் அதற்குள் கால்சியம் ஏறும். ஜிகேம்ப்6எஃப் புரதம் அந்தக் கால்சியத்தோடு சேர்ந்து பச்சையாக ஒளிரும். சுமார் 2.6 கிராம் எடையுள்ள குட்டி நுண்ணோக்கியான மினிஸ்கோப் வி4 எலியின் தலையில் அமர்ந்து, நீல எல்இடி ஒளி பாய்ச்சி அந்த மினுக்கத்தைப் பதிவுசெய்யும்.

எதற்கும் முன்னால் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தப் புரதத்தின் மரபணுவைச் சுமக்கும் வைரஸை மூளைக்குள் நிமிடத்துக்கு 50 நானோலிட்டர் வீதம், மொத்தம் 500 நானோலிட்டர் செலுத்துங்கள். ஊசியைப் பத்து நிமிடம் அப்படியே விட்டு எடுங்கள். அவசரப்பட்டால் வைரஸ் ஊசித்தடத்திலேயே மேலேறிவிடும். பிறகு மூளையின் உட்பகுதிப் படத்தை மேலே கொண்டுவரும் மெல்லிய குச்சி போன்ற கிரின் லென்ஸைப் பொருத்தி, செல்களில் புரதம் உருவாக மூன்று நான்கு வாரம் காத்திருங்கள்.

இனி பேஸ்பிளேட்: மினிஸ்கோப்பை மாட்டிக் கழற்ற எலியின் தலையில் நிரந்தரமாக ஒட்டும் சிறு அடித்தகடு. பல மாத உழைப்பு வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

1. லென்ஸின் மேற்பரப்பை 70% எத்தனால் தொட்ட லென்ஸ் தாளால் துடையுங்கள். அசிட்டோன் வேண்டாம், லென்ஸைப் பிடித்திருக்கும் பல் சிமென்டைக் கரைத்துவிடும்.

2. மயக்க மருந்தான ஐசோஃப்ளூரேனை 1% அளவுக்குக் குறையுங்கள். மயக்கம் ஆழமானால் செல்கள் அடங்கிவிடும். லென்ஸ் சரியில்லை என்று தவறாக நினைத்துவிடுவீர்கள்.

3. மினிஸ்கோப்பின் மின்னணுக் குவியத்தை நடுவில் வையுங்கள். பின்னால் மேலும் கீழும் நகர்த்த இடம் இருக்கும்.

4. பேஸ்பிளேட் மாட்டிய மினிஸ்கோப்பை லென்ஸுக்கு மேலே இறக்குங்கள். லென்ஸின் விளிம்பு வட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் கூர்மையாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் மினிஸ்கோப் சாய்ந்திருக்கிறது.

5. மெல்ல நகர்த்திக்கொண்டே பாருங்கள். முதலில் ரத்தக்குழாய்கள் கறுப்புக் கோடுகளாகத் தெரியும்; ரத்தத்தின் ஹீமோகுளோபின் நீல ஒளியை உறிஞ்சிவிடுகிறது. அதை அடுத்து, சாம்பல் பின்னணியில் சின்னச் சின்னப் புள்ளிகள் சட்டென்று மினுங்கி மெதுவாக அணையும். அவைதான் செல்கள்.

6. இறுகும்போது சிமென்ட் சுருங்கி பேஸ்பிளேட்டைக் கீழே இழுக்கும். அதனால் ஒட்டுவதற்கு முன் சுமார் 50 மைக்ரோமீட்டர் உயர்த்திக்கொள்ளுங்கள். கரித்தூள் கலந்த சிமென்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். வெளி வெளிச்சம் உள்ளே கசியாது. மினிஸ்கோப்பில் ஒரு துளிகூடப் படக்கூடாது.

சிமென்ட் நன்றாக இறுகிய பிறகே மினிஸ்கோப்பைக் கழற்றி, பேஸ்பிளேட்டுக்கு மூடி போடுங்கள்.

பதிவுக்கு முன் மூன்று நாளாவது போலி மினிஸ்கோப்பைச் சுமந்து எலி பழக வேண்டும். எல்இடியைச் செல் தெரியும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். கூட்டினால் புரதம் வெளுத்துப்போகும். விநாடிக்கு 20 பிரேம் போதும்.

உட்கருவரை நிரம்பி, அணையாமல் ஒளிரும் செல்கள் நிறைய இருந்தால் வைரஸின் செறிவு மிஞ்சிவிட்டது. அந்த எலியின் தரவை நம்பாதீர்கள். அடுத்த முறை வைரஸை நீர்த்துச் செலுத்துங்கள்.