ஜப்பான் பெருஞ்சாலமண்டருக்கு வகைப்பாட்டுப் பலகை தயாரிக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் மூலைக்குப் பலகை செய்பவர்கள், சாலமண்டர் என்றவுடன் செம்பனை மட்டைக்கடியில் ஓடும் அரணையை நினைத்துக்கொள்வது வழக்கம். ஆகவே மணிலா அட்டையை விரிக்கும் முன்பே இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. அரணைக்குச் செதில் உண்டு. அது ஊர்வன வகுப்பைச் சேர்ந்தது. சாலமண்டருக்குச் செதிலற்ற ஈரத்தோல்; அது தவளையைப் போல இருவாழ்வி. இருவாழ்விகளின் மூன்று வரிசைகளில் தவளைகளும், மண்ணுக்குள் வாழும் காலற்றவையும் நம் தீபகற்பத்தில் உள்ளன. வாலுள்ள மூன்றாம் வரிசைதான் இங்கு இயற்கையில் இல்லை.

அட்டையின் இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாக, முதுகெலும்பிகள், இருவாழ்விகள், வாலுள்ளவை, கிரிப்டோபிராங்கிடே குடும்பம், ஆன்ட்ரியாஸ் பேரினம், ஜப்போனிகஸ் சிற்றினம் என எழுதுங்கள். ஒவ்வொரு படிக்கும் எதிரே அதற்கான உடற்கூற்றுக் காரணத்தை ஒரு வரியில் சேர்க்க வேண்டும். காரணமில்லாத பெயர்ப்பட்டியலை மாணவர் மனனம் செய்வாரேயன்றிப் புரிந்துகொள்ளமாட்டார். குடும்பத்திற்கு எதிரே, முட்டை உடலுக்கு வெளியே கருவுறுவதையும், வளர்ந்த பின்னும் இமை தோன்றாததையும், பக்கவாட்டுத் தோல்மடிப்புகளின் வழியாக மூச்சுவிடுவதையும் குறிப்பிடலாம். சீனப் பெருஞ்சாலமண்டர்களும் கிழக்கு அமெரிக்காவின் ஹெல்பெண்டரும் இதே குடும்பத்து உறவுகள்.

அறிவியற்பெயரை எழுதும் இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். டச்சு விலங்கியலாளர் டெம்மிங்க் 1836-இல் இவ்விலங்கை டிரைட்டன் என்ற பேரினத்தில் வைத்து விவரித்தார். பின்னர் அது ஆன்ட்ரியாசுக்கு மாற்றப்பட்டதால், அவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வரும். அந்த அடைப்புக்குறி அழகுக்காக இடப்படுவதன்று. பேரினம் மாறியதைச் சொல்லும் அடையாளம். கையால் எழுதும்போது பேரினப் பெயரையும் சிற்றினப் பெயரையும் அடிக்கோடிடுங்கள். ஆன்ட்ரியாஸ் என்பதன் பொருள் மனித உருவம். 1726-இல் ஷொய்க்ஸர் என்ற சுவிஸ் அறிஞர் ஒரு புதைபடிவத்தைப் விவிலியம் கூறும் பெருவெள்ளத்தில் மாண்ட மனிதன் எனக் கருத, 1811-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே அது பெருஞ்சாலமண்டர் என நிறுவினார். மாணவர்கள் அதிகம் நினைவில் வைப்பது இந்தக் கதையைத்தான் என்பதால் இதற்கும் ஒரு மூலை ஒதுக்கலாம்.

வலப்பக்கத்தில் வரைபடம் வரும். ஜப்பான் முழுவதற்கும் வண்ணம் பூசுவதே பலரும் செய்யும் பிழை. ஹொக்காய்டோவை வெறுமையாக விடுங்கள். ஹொன்சுவில் கிஃபுவிலிருந்து மேற்கே மட்டும், ஷிகொக்குவிலும் கியூஷுவிலும் சில பகுதிகள் மட்டும் போதும். அவற்றையும் நிலப்பரப்பாக நிரப்பாமல், ஆற்றுக் கோடுகளாகத் தீட்டுவது சரி. வாழ்நாள் முழுவதும் நீரிலேயே கழிக்கும் இவ்விலங்கு, குளிர்ந்த, தெளிந்த, உயிர்வளி மிகுந்த மலை ஓடைகளில்தான் வாழ்கிறது. 1.5 மீட்டர் வரை வளரக்கூடியதாதலால், பக்கத்தில் ஒரு மாணவரின் உருவத்தை அதே அளவுகோலில் வரைந்தால் தனி விளக்கம் வேண்டியதில்லை. 1952 முதல் ஜப்பானில் இது தனிச்சிறப்பு இயற்கை நினைவுச்சின்னம் என்ற சட்டப் பாதுகாப்பில் இருப்பதையும் ஒரு வரியில் எழுதிவிடலாம்.

கியோட்டோவின் காமோ ஆற்றுக்கு மட்டும் வேறு நிறம் தேவை. உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட சீன இனம் அங்கே உள்ளூர் இனத்துடன் கலந்து, கலப்பினங்கள் பெருகிவிட்டன. தோற்றத்தை மட்டும் வைத்துப் பிரித்தறிவது கடினமாதலால் மரபணுச் சோதனை செய்கிறார்கள். கலப்பின எல்லை மாறக்கூடியது என்பதால், வரைபடத்தின் கீழே அதை வரைந்த ஆண்டைத் தவறாமல் குறியுங்கள்.