நாலு மணிக்கே இருட்டும் ஊரில் விஸ்கி வாங்கும்போது செய்யும் தவறுகள்

எடின்பரோவில் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்போம். முந்தின நாள் வரை ஆறு மணி வாக்கில் மங்கிய வெளிச்சம் அன்றைக்கு ஐந்துக்குள் அடங்கிவிடும். டிசம்பர் நடுவில் மூன்று நாற்பதுக்கெல்லாம் சூரியன் போயாயிற்று. மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி முடிப்பதற்குள் தெருவிளக்கு எரியும். அந்தச் சமயத்தில்தான் விஸ்கிக் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னாலும் நிறம் மாறுகிறது. கோடையில் வைக்கோல் நிறத்தில் நின்ற பாட்டில்கள் பின்வரிசைக்குப் போய், கருப்பட்டி நிறத்தில் இருப்பவை முன்னால் வரும்.

இங்கே வந்த முதல் இரண்டு குளிர்காலத்தில் நான் வாங்கியதில் பாதி தப்பான பாட்டில். விஸ்கி மோசம் என்று சொல்லவில்லை, எனக்கும் என் மாலைக்கும் பொருந்தாதவை. இருட்டினால் ‘கனமாக, புகையாக, பழசாக, காட்டமாக’ வாங்க வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பினேன். இருட்டு செய்வது ஒன்றுதான்: மாலையை நீட்டிவிடுகிறது. நீண்ட மாலைக்கு ஒரே ஒரு முரட்டு பாட்டிலை வாங்கி வைத்தால், ஏழு மணிக்கே நாக்கு செத்துப்போகும்.

சூரியனைப் பார்த்து மூடியைத் திறப்பது

முதல் தவறு கடைக்குப் போகும் முன்பே நடந்துவிடுகிறது. ஜூன் மாதம் ஒன்பது மணிக்கு முதல் கிளாஸ் ஊற்றியவர், டிசம்பரில் நாலரைக்கு ஊற்றுவார். உடம்புக்கு அது இரவு மாதிரிதான் தெரியும். படுக்கப்போவதோ அதே பதினொன்று. நடுவில் ஆறரை மணி நேரம் இருக்கிறது.

இங்கே கணக்கு யூனிட்டில். 40 சதவீத விஸ்கி 25 மில்லி என்றால் ஒரு யூனிட். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம், அதையும் ஒரே நாளில் கொட்டாமல் மூன்று நாளிலாவது பரப்பிக்கொள்ளுங்கள் என்பது பிரிட்டன் அரசின் மருத்துவ ஆலோசனை. 700 மில்லி பாட்டில் ஒன்றில் 28 யூனிட் இருக்கிறது. அதாவது ஒருவருக்கு இரண்டு வாரம்.

பப்பில் அளந்து ஊற்றுவார்கள், 25 அல்லது 35. வீட்டில் யார் அளக்கிறார்கள்? ஒருநாள் சந்தேகம் வந்து, வழக்கமாக ஊற்றும் ‘ஒரு விரல்’ அளவை ஊற்றி, அதை அப்படியே பிள்ளையின் இருமல் மருந்து மூடியில் அளந்து பார்த்தேன். 10 மில்லி மூடி ஐந்து தடவை நிரம்பி, ஆறாவதும் பாதி நிறைந்தது. ஐம்பத்தைந்து! சென்னையில் லார்ஜ் என்றால் 60. நான் ‘ஸ்மால்’ என்று நினைத்துக் குடித்துக்கொண்டிருந்தது கிட்டத்தட்ட அது. அதற்கப்புறம் அலமாரியில் ஓர் அளவுக்கிண்ணம் நிற்கிறது.

இன்னொன்று, குளிருக்கு இதம் என்று குடிப்பது. விஸ்கி குடித்தால் சூடேறுவது போலத் தோன்றுவது உண்மைதான். தோலுக்கடியில் இருக்கும் ரத்தக்குழாய்கள் விரிந்து, உள்ளே இருந்த சூடு வெளியே வருகிறது. தோலுக்குச் சுகமாக இருக்கும், உடம்பின் உள்சூடோ குறையும். ஆகவே நடைக்குப் போகும் முன் ஒரு மடக்கு என்ற பழக்கம் வேண்டாம். போய்விட்டு வந்து, ஸ்வெட்டரை மாற்றிக்கொண்டு உட்கார்ந்த பிறகு ஊற்றுங்கள். வண்டி எடுப்பவர்கள் அதுவும் வேண்டாம். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து ரத்தத்தில் அனுமதிக்கப்படும் ஆல்கஹால் அளவு 100 மில்லிக்கு 50 மில்லிகிராம்தான். இங்கிலாந்தின் 80 இங்கே செல்லாது.

புகை என்றால் ஐலா, ஐலா என்றால் புகை

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான், நானும் சறுக்கினேன். ஒரு நவம்பரில் என் மச்சான் ஊரிலிருந்து வந்திருந்தார். வெளியே மழை, உள்ளே ஹீட்டர். சூழலுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைத் தீவான ஐலாவின் புகைமிக்க சிங்கிள் மால்ட் விஸ்கி ஒன்றை முதல் கிளாஸாக நீட்டினேன். மூக்கருகே கொண்டுபோனவர் நிறுத்திவிட்டார். “என்ன மாப்ள, ஆஸ்பத்திரி வராந்தாவைக் கழுவின வாடை வருது?”

அவர் மூக்கு பொய் சொல்லவில்லை. ஸ்காட்லாந்தில் சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிக் கிடக்கும் புல்லையும் பாசியையும் மண்வெட்டியால் கட்டிகட்டியாக வெட்டி, நம் ஊரில் வறட்டி காயவைப்பது போலக் காயவைத்து எரிப்பார்கள். அதுதான் பீட். முளைகட்டிய பார்லியை (மால்ட்) அந்தப் புகையில் உலர்த்தும்போது பீனால், கிரெசால், குவயகோல் போன்ற வேதிப்பொருள்கள் தானியத்தில் ஒட்டிக்கொள்ளும். தரை துடைக்கும் பினாயிலும் டெட்டாலும் இதே குடும்பத்துச் சொந்தங்கள். அந்த வாசனை மூளையில் வேறோர் அறையில் பதிந்திருப்பவருக்கு முதல் கிளாஸிலேயே அதைக் கொடுத்தது என் தப்பு.

புகை வேண்டுமென்றால் படிப்படியாகப் போங்கள். ஓர்க்னி தீவின் ஹைலேண்ட் பார்க்கில் புகை லேசாக, கூடவே தேன் போன்ற இனிப்பும் இருக்கும். ஸ்கை தீவின் டாலிஸ்கர் 10 ஆண்டு (45.8 சதவீதம்) அடுத்த படி: புகை, உப்பு, கடைசியில் தொண்டையில் மிளகு. மிளகு ரசம் பழகிய நாக்குக்கு இது சட்டென்று பிடித்துவிடும் என்பது நான் பலரிடம் பார்த்தது. அதற்குப் பிறகு ஐலா பக்கம் போகலாம்: லாகவூலின், லஃப்ராய்க், ஆர்ட்பெக்.

ஐலா என்றாலே புகை என்பதும் தவறுதான். அதே தீவில் இருக்கும் புன்னஹாவன் 12 பீட் புகை இல்லாமல் செய்வது. புரூக்லாடியின் கிளாசிக் லாடியும் அப்படியே. மறுபுறம், மெல்லிசு என்று பெயரெடுத்த ஸ்பேசைடில் பென்ரோமக் கொஞ்சம் புகையோடு வருகிறது. சட்டப்படி ஹைலேண்ட், லோலேண்ட், ஸ்பேசைட், கேம்பல்டவுன், ஐலா என்று ஐந்து வட்டாரம் உண்டு. அது எங்கே வடித்தார்கள் என்பதைச் சொல்லும், ருசிக்கு உத்தரவாதம் தராது.

பாட்டிலில் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று ஓர் எண்ணைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அது பெரும்பாலும் மால்ட் செய்த பார்லியில் அளந்த பீனால் அளவு. ஊறவைத்து, நொதிக்கவைத்து, வடித்து வருவதற்குள் நிறைய போய்விடும். லாகவூலினுக்கும் அதே தீவின் கல் ஈலாவுக்கும் போர்ட் எல்லன் ஆலையிலிருந்துதான் மால்ட் வருகிறது. குடித்துப் பார்த்தால் ஒன்று அடுப்பங்கரைப் புகை, மற்றது கடற்கரையில் அணைந்த நெருப்பு.

கறுப்பாக இருந்தால் கனமாக இருக்கும் என்று நம்புவது

குளிர்காலத்தில் விற்பனை ஆவதே நிறத்தால்தான். ஆனால் ஸ்காட்ச் விஸ்கியில் சர்க்கரையைக் காய்ச்சி எடுக்கும் கேரமல் நிறத்தைச் (ஈ150ஏ) சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. பாட்டிலுக்குப் பாட்டில் ஒரே நிறம் வரவேண்டும் என்பதற்காக எத்தனையோ பேர் சேர்க்கிறார்கள். கருமையைப் பார்த்து ருசியைக் கணிப்பது, நல்ல தூள் போட்ட டீயா சாயம் கலந்த டீயா என்று கிளாஸைத் தூக்கிப் பார்த்துத் தீர்மானிப்பது மாதிரி. லேபிளில் ‘இயற்கை நிறம்’ என்று போட்டிருந்தால் அதை நம்பலாம்.

உண்மையிலேயே கிறிஸ்துமஸ் கேக் மாதிரி ஒன்று வேண்டுமானால், நிறத்தை விட்டுவிட்டுப் பீப்பாய் என்ன என்று படியுங்கள். ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாயில் கிடந்தது என்றால் உலர்திராட்சை, அத்திப்பழம், பட்டை, சில சமயம் புளிப்போடு கூடிய பேரீச்சை. கிளென்ட்ரோனக் 12, கிளென்ஃபார்க்ளஸ் 15 இரண்டும் இந்த வகைக்கு நல்ல அறிமுகம். அமெரிக்க போர்பன் விஸ்கி இருந்த பீப்பாய் என்றால் வெனிலா, தேங்காய், தேன். போர்பனுக்குப் புதுப் பீப்பாய்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை முடிந்த பீப்பாய்கள் கப்பலேறி இங்கே வந்துவிடுகின்றன.

அப்புறம் வயது. 12 என்று போட்டிருந்தால், உள்ளே கலந்தவற்றில் மிக இளையதன் வயது 12 என்று பொருள். 18 எல்லாருக்கும் 12ஐ விடப் பிடிக்கும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. புகை வயதாக ஆக அடங்கும். எனவே ‘நல்லா புகையடிக்கணும்’ என்று வருகிறவர் பழைய ஐலாவுக்குக் கொட்டிக்கொடுத்து ஏமாந்து போவார். நாட்டுக்கு நாடு வயதை ஒப்பிடவும் முடியாது. ஸ்காட்லாந்துப் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூரில் அது பல மடங்கு. அதனால்தான் அந்த ஊர் விஸ்கியான அம்ருத் சில ஆண்டுகளிலேயே கனிந்துவிடுகிறது. 2004இல் அதைத் தைரியமாக கிளாஸ்கோவிலேயே அறிமுகம் செய்தார்கள். அம்ருத் ஃபியூஷனில் இந்திய பார்லியோடு ஸ்காட்லாந்தின் பீட் பார்லியும் சேர்கிறது. 50 சதவீதம், வயது எண் கிடையாது. இருட்டு மாலைக்கு என் அலமாரியில் நிரந்தர இடம் அதற்கு உண்டு. (ஊர்ப்பாசம் கொஞ்சம் இருக்கலாம்.)

பிளெண்டட் (பல வடிசாலைகளின் விஸ்கியைக் கலந்தது) என்றால் மட்டம் என்ற எண்ணமும் ஒன்று உண்டு. சிங்கிள் மால்ட் என்பதன் பொருள் ஒரே வடிசாலையில் மால்ட் பார்லியில் மட்டும் செய்தது என்பதுதான், ஒரே பீப்பாயிலிருந்து எடுத்தது என்று அர்த்தமில்லை. விருந்தாளி நாலு பேர் வரும் இரவில் 12 ஆண்டு ஜானி வாக்கர் பிளாக் லேபிள் செய்யும் வேலையை விலையுயர்ந்த சிங்கிள் மால்ட் செய்வதில்லை. சோடா ஊற்றினாலும் தாங்கும், மெல்லிய புகையும் உண்டு.

தண்ணீர் ஊற்றினால் கேவலமா?

ராவாகக் குடிப்பவர்தான் ரசிகர் என்று ஒரு வீம்பு நம்மிடம் உண்டு. தண்ணீர் கலக்காமல் பீப்பாயிலிருந்து நேராக பாட்டிலுக்கு வரும் காட்டமான விஸ்கிகள் குளிர்காலத்தில் நன்றாக விற்கும். கிளென்ஃபார்க்ளஸ் 105 என்பது 60 சதவீதம். 105 என்பது பழைய பிரிட்டிஷ் புரூஃப் கணக்கு. இதை ராவாக உறிஞ்சினால் நாக்கு மரத்து, அடுத்த அரைமணிக்கு எதுவும் தெரியாது. 50 மில்லி ஊற்றினால் மூன்று யூனிட் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை இப்படிச் செய்து பாருங்கள். 25 மில்லி ஊற்றி, வாய் குறுகிய கிளாஸில் முகருங்கள். மூக்கு எரியும், ஆல்கஹால் மட்டும்தான் தெரியும். டீஸ்பூனால் அரை ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். உள்ளே எண்ணெய் இழை போல ஏதோ நெளிந்து கரையும். ஒரு நிமிடம் பொறுத்து முகர்ந்தால் ஆரஞ்சுத் தோல் வரும், இன்னும் அரை ஸ்பூன் விட்டால் உலர்திராட்சை. 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்ஸனும் ஃப்ரீட்மனும் இதைக் கணினியில் மாதிரி செய்து பார்த்தார்கள். தண்ணீர் சேரும்போது, புகை வாசம் தரும் குவயகோல் போன்றவை திரவத்தின் மேற்பரப்பை நோக்கி வருகின்றன என்று கண்டார்கள். மேற்பரப்புக்கு வந்தால் மூக்குக்கும் வரும்.

ஐஸ் போட்டால் இதற்கு நேரெதிர், குளிரில் வாசம் ஒடுங்கும். அறையே 17 டிகிரியில் இருக்கும்போது ஐஸ் எதற்கு என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. தண்ணீர் விட்டதும் விஸ்கி லேசாகக் கலங்கினால் பயப்பட வேண்டாம். குளிரவைத்து வடிகட்டாத விஸ்கியில் அது வரும், கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை.

ஜலதோஷம் என்று ஹாட் டாடி போடுபவர்கள் (வெந்நீர், தேன், எலுமிச்சை, விஸ்கி) அதற்கு விலையுயர்ந்த பாட்டிலைத் தொடாதீர்கள். தேன் எல்லாவற்றையும் மூடிவிடும். ஸ்காட்லாந்தில் யூனிட்டுக்கு 65 பென்ஸ் என்ற குறைந்தபட்ச விலைப்படி, 40 சதவீத 700 மில்லி பாட்டில் £18.20க்குக் கீழே விற்க முடியாது. அந்த விலை வாக்கில் கிடைக்கும் பிளெண்டட் போதும்.

ஒரே பாட்டிலில் குளிர்காலத்தைக் கழிக்க நினைப்பது

மூன்று மாதத்துக்கு ஒரே விஸ்கி என்றால் ஜனவரியில் அலுத்துவிடும். பெரிய பாட்டில் ஒன்றின் விலைக்கு 50 மில்லி குட்டிப் பாட்டில்கள் ஐந்தாறு வாங்கி, அதில் பிடித்ததைப் பிறகு பெரிதாக வாங்குவது என் வழக்கம். குடிக்கும் வரிசை முக்கியம்: மெல்லியது முதலில், ஷெர்ரி நடுவில், புகை கடைசியில். புகை முன்னால் வந்தால் பின்னால் வரும் எதுவும் வெந்நீராகத்தான் தெரியும். மச்சானுக்கு மறுநாள் இந்த வரிசையில் கொடுத்தேன். ஆர்ட்பெக்கை அவரே கேட்டு வாங்கினார், கூடவே கருவாடு இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். ஸ்காட்லாந்துக்காரர்கள் புகையூட்டிய மீனோடு சாப்பிடுவதைச் சொன்னதும் அவருக்குப் பெரிய திருப்தி.

நினைத்த நேரத்தில் வாங்கலாம் என்றும் இருக்காதீர்கள். இங்கே கடைகளில் மதுவிற்பனை காலை பத்து முதல் இரவு பத்து வரைதான்.

கடைசியாக, வைக்கும் விதம். ஒயின் போலப் படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கைத் தின்றுவிடும், நிமிர்த்தியே வையுங்கள். ஹீட்டருக்கு மேலே உள்ள அலமாரி வேண்டாம், ஜன்னல் ஓரமும் வேண்டாம். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வந்த பாட்டிலில் காற்று அதிகம், சில மாதங்களில் வாசம் தட்டையாகும். சின்ன பாட்டிலுக்கு மாற்றிவிடலாம். பழைய பாட்டிலைத் திறக்கும்போது கார்க் உடைந்து உள்ளே விழுந்தால் பதற்றப்படாமல் டீ வடிகட்டியில் வடித்து, கழுவிக் காயவைத்த காலிப் பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். இதற்காகவே முடிந்துபோன பாட்டில்களின் கார்க்குகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். கருவேப்பிலைப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, வீட்டில் அதற்கும் திட்டு உண்டு.